வெறும் எண் செல்லாது

பூரண்டா விமானக் கிளப்பின் தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அதில் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம். கோதுமை சேமிக்கும் சைலோ கோபுரத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம் திரும்பி, ஓடுபாதையைப் பார்த்து மூக்கை நீட்டியதும் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். அது எத்தனை நாட் வேகத்தில் வருகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஆனால் வெறும் எண் செல்லாது. எண்ணோடு ஒரு கிண்டலும் சேர்ந்து வர வேண்டும். கிண்டல் இல்லாத எண்ணை பெஞ்சு காதில் வாங்காது.

"எண்பது! பொண்டாட்டி ஒரு நாள் முன்னாடியே திரும்பி வந்துட்டாளாம், வீட்டைக் கூட்டிப் பெருக்க ஓடறான்."

"ஐம்பத்தெட்டு. மாமியாரைக் கூட்டிட்டு வர ஸ்டேஷனுக்குப் போறான்பா."

"தொண்ணூறு. வயித்தைக் கலக்குது அவனுக்கு. பின்னாடி கக்கூஸ் காலியா இருக்கான்னு யாராவது பாருங்க."

இரண்டாவது விதி ஒன்று உண்டு. ஓட்டி வந்தவன் சொல்வதுதான் தீர்ப்பு. அவன் விமானத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தன் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னதாக யாரையும் யாரும் சந்தேகித்ததில்லை. யாருடைய எண் அதிலிருந்து ரொம்ப விலகி நிற்கிறதோ அவர் அன்றைக்கு சாசேஜ் சுட்ட இரும்புக்கல்லைச் சுரண்ட வேண்டும். ஆட்டுக்கொழுப்பு கருகிப் பிடித்த கல், சுற்றிலும் ஈ. லேசான தண்டனை இல்லை.

நெரிடா காஃப்லன் பெஞ்சில் உட்கார மாட்டாள். பெஞ்சுக்குப் பின்னால் அந்தக் கல்லண்டை நின்று சாசேஜைப் புரட்டிக்கொண்டிருப்பாள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தலையைப் பாதி நிமிர்த்தி, கடைசியாகச் சொல்வாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கல் சுரண்டியதில்லை. ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு நாட் தள்ளிப்போகும். அவளுக்கு ரேடார் என்று பெயர் வைத்தது கிளாரி ஓட்ஸ். கிளப்புக்குத் தலைவனும் அவன்தான், பெஞ்சிலேயே பெரிய வாயும் அவனுக்குத்தான். அவன் ஒரு தடவை ஓடுபாதையில் முட்டி, எழும்பி, மறுபடி முட்டி, மறுபடி எழும்பி இறங்கினபோது நெரிடா சொன்னாள்: "எழுபத்திரண்டு, அறுபத்தேழு, அறுபது. கிளாரி, மூணு தடவை இறங்கியிருக்கே, லாக் புத்தகத்துல எதை எழுதப்போறே?" கிளாரி மூன்றையும் ஒப்புக்கொண்டான்.

அவளுக்கு இந்த வித்தை பெஞ்சில் வந்ததில்லை. பத்தொன்பது வயதில் அவள் மருந்து தெளிக்கும் விமானங்களுக்குக் கொடி பிடித்தவள். வயலின் கோடியில் வெள்ளைத் துணி கட்டிய கழியோடு நிற்க வேண்டும். தலைக்கு நேராக விமானம் வரும். எந்த வரிசையில் தெளிப்பது என்று விமானிக்கு அடையாளம் அந்தக் கழிதான். ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து வரும். சரியான நொடியில் பதினைந்து அடி பக்கவாட்டில் ஓடி அடுத்த வரிசைக்குப் போகாவிட்டால் மருந்து மேலே விழும். அதற்கும் பிந்தினால் சக்கரமே விழும். மருந்து எப்படியும் விழத்தான் செய்தது. சாயங்காலம் தலைமுடியைப் பிழிந்தால் மஞ்சளாக வடியும் என்பாள். ஐந்து வருஷம் அந்த வேலை பார்த்தாள். ஒரு விமானம் தன்னை நோக்கி வரும் வேகத்தை அவள் உடம்பு அங்கேதான் கற்றுக்கொண்டது.

அந்த விமானிகளில் ஒருவன் டெஸ் காஃப்லன். இருபத்திநான்கு வயதில் அவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை, மூன்றாவது முறை ஏழாம் மாதம் வரை வந்து போனது. டாக்டர் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், ஒரு நாய் போனால் இன்னொரு நாய்.

டெஸ் மருந்து தெளிப்பதை விட்ட பிறகும் நான்கு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சுற்று போவான். இறங்கும்போது எப்போதும் அறுபத்தைந்து. முப்பது வருஷமாக அறுபத்தைந்து. அவன் இறங்கும்போது பெஞ்சில் ஆட்டமே சுவாரசியமில்லை. "அறுபத்தஞ்சு, அம்மா பின்னின ஸ்வெட்டரையே இன்னும் போட்டுக்கிறவன்" என்று எல்லோரும் ஒரே கிண்டலைச் சொல்லிவிட்டு ரொட்டிக்குக் கை நீட்டுவார்கள்.

அவனுக்கு எழுபத்தொன்றும் அவளுக்கு அறுபத்தாறும் ஆன வருஷம், ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு அசைவில்லாத காலை. டெஸ்ஸின் விமானம் சைலோவுக்கு மேலே திரும்பியது. சைலோவிலிருந்து கம்பி வேலி வரைக்கும் நெரிடா மனசுக்குள் எண்ணுவாள். காற்றில்லாத நாளில் பன்னிரண்டு எண்ணினால் அறுபத்தைந்து. அன்றைக்குப் பதினாலரை எண்ணினாள்.

"ஐம்பத்திநாலு" என்றாள். ஒரு நொடி கழித்து, "மெத்தைக் கடையில படுத்துப் பார்க்கிறவன் மாதிரி வர்றான்."

டெஸ் நடந்து வந்தான். "அறுபத்தஞ்சு" என்றான்.

பெஞ்சில் ஒரே கூச்சல். கிளாரி எழுந்து நின்றே கத்தினான். "ரேடார் பழுது! பதினொண்ணு தள்ளி! பத்தொன்பது வருஷத்துக்கு இன்னைக்குத்தான் நியாயம் கிடைச்சிருக்கு!" சுரண்டியை அவளிடம் இரண்டு கையாலும் நீட்டினான், புது மேயருக்குப் பதவிச் சங்கிலி போட்டுவிடுகிற மாதிரி. அவள் கல்லைச் சுரண்டுவதை கேமராவில் பிடித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் சுரண்டினாள்.

அன்றைக்கு மத்தியானமே அவனிடம் பேசினாள்.

"டெஸ், அது ஐம்பத்திநாலுதான்."

"தோத்தவ புலம்பக்கூடாது."

"பதினாலரை எண்ணினேன். காத்தே கிடையாது."

"நிதானமா எண்ணியிருப்பே. உனக்கும் வயசாகுதுல்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்த வாரத்தில் இரண்டு விஷயம் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் டெஸ் ஆட்டுக்கறித் துண்டை முடித்துவிட்டு, உருளைக்கிழங்கையும் முடித்துவிட்டு, "இன்னைக்கு பட்டாணி வைக்கலையா?" என்றான். பட்டாணி தட்டின் இடது பக்கத்தில் குவிந்து கிடந்தது. அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். "ஓ" என்று சாப்பிட்டான். இரண்டாவது, அவர்களுடைய பழைய பிக்கப் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இரண்டாம் முறையாக கேட் கம்பத்தில் மோதிப் பிய்ந்திருந்தது. கம்பத்தை எவனோ நகர்த்தி நட்டுவிட்டான் என்று டெஸ் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டும் சேர்ந்து ஒன்றாயின. விமானத்தில் வேகம் காட்டும் முள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஓட்டுகிறவனுக்கு முன்னால், பலகையின் இடது மூலையில்.

"டெஸ், கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வரலாம்."

"நவம்பர்ல லைசென்ஸுக்கு எப்படியும் டாக்டர் பார்க்கணும். அப்ப பார்த்துக்கட்டும்."

"இது ஆகஸ்ட்."

"எண்ணத் தெரியுதே உனக்கு" என்றான் டெஸ். நாய்க்கு எலும்பு எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் திரும்பி வந்தபோது எஞ்சின் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடுகிற மாதிரி வந்தான்.

"ஐம்பத்திமூணு" என்றாள் நெரிடா.

பெஞ்சு காத்திருந்தது.

"செல்லாது!" என்றான் கிளாரி. "கிண்டல் எங்கே?"

"கிண்டல் இல்லை. ஐம்பத்திமூணு. இன்னும் ஆறு குறைஞ்சா விழுந்துடுவான்."

அன்றைக்கு அதற்குச் சிரித்த மாதிரி எங்கள் பெஞ்சு வேறு எதற்கும் சிரித்ததில்லை. கிளாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சொந்தப் புருஷனை விழ வைக்கிறாளேய்யா! அடக்கத்துக்குப் போட கறுப்பு கவுன் தைச்சாச்சா, நெரிடா?" நானும்தான் சிரித்தேன். எங்களுக்கு அது அவளுடைய பாணி என்றுதான் பட்டது; முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு புது மாதிரிக் கிண்டல். டெஸ் வந்து அறுபத்தைந்து என்றான். அவள் மறுபடி கல் சுரண்டினாள்.

மூன்றாவது ஞாயிறு நெரிடா தானே அறுபத்தைந்து என்றாள். "அம்மா பின்னின ஸ்வெட்டர்" என்றும் சேர்த்துக்கொண்டாள். டெஸ் வந்து அதையே சொன்னான். "ரேடார் சரியாயிடுச்சு!" என்று கைதட்டினோம். அப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை. அவனுக்குத் தலைகுனிவு வேண்டாம், நவம்பர் வரைக்கும் எப்படியாவது தள்ளிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறாள்.

ஆனால் செப்டம்பரில் ஆஸ்பத்திரி நாள் இருந்தது. வருஷா வருஷம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட கிளப் விமானங்கள் ஜனங்களைப் பத்து நிமிஷம் மேலே ஏற்றிக்கொண்டு போய் இறக்கும். டெஸ் இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவன். அந்த வாரம் கொட்டகைச் சுவரில் கிளாரி பட்டியலை ஒட்டினான். சனிக்கிழமை, பதினொரு மணி, டெஸ் காஃப்லன்: மார்னி டியூஹர்ஸ்ட், பிள்ளைகள் இருவர். மார்னி எங்கள் ஊர் குழந்தைப் பள்ளி டீச்சர். பிள்ளைகள் இரட்டையர், ஆறு வயசு.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் நெரிடா போட்ட கணக்கு இது: தனியாகப் போனால் அந்த விமானத்தை நாற்பத்தேழு வரைக்கும் காற்று தாங்கும். கூட மூன்று பேரை ஏற்றினால் ஐம்பத்திரண்டிலேயே கைவிட்டுவிடும். டெஸ் ஐம்பத்திமூன்றில் வந்துகொண்டிருந்தான். வேகமாக வருகிறவன் ஓடுபாதை தீர்ந்துபோய் வேலியில் முட்டி நிற்பான், பல் உடையும். மெதுவாக வருகிறவன் கல் மாதிரி விழுவான். நெரிடா வயலில் நின்ற காலத்தில் அப்படி ஒன்று விழுந்ததைப் பார்த்திருக்கிறாள். கொடிக்கழியோடு ஓடி முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை கிளாரிக்கு போன் பண்ணினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பட்டாணி, கேட் கம்பம், பதினாலரை.

கிளாரி சிரித்தான். "பட்டாணியா? எனக்கும்தான் பட்டாணி கண்ணுல படாது. என் வீட்டுக்காரி லின் வைக்கிற பட்டாணியைச் சாப்பிட்டிருக்கியா நீ?"

"கிளாரி, நான் பெஞ்சுல இல்லை. வீட்டுல இருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"அவன்கிட்ட நீயே சொல்லேன்" என்றான்.

"மூணு தடவை சொல்லியாச்சு. கிளப் தலைவன் நீ. சனிக்கிழமை வேற யாராவது ஓட்டட்டும்னு ஒரு வார்த்தை சொல்லு. இல்லேன்னா நீ பக்கத்து சீட்டுல ஏறு."

"சீட்டு நிறைஞ்சு போச்சு, டிக்கெட் கொடுத்தாச்சு... நெரிடா, முப்பது வருஷ சிநேகிதம். நவம்பர்ல டாக்டர் பார்த்துச் சொல்லிட்டுப் போறான். என் வாயால அவனைக் கீழே இறக்கினேன்னு இருக்க வேண்டாம். காட்டிக்கொடுக்கிற வேலை எனக்கு வராது."

எங்கள் ஊரில் ஆடு திருடினவனோடு உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். காட்டிக்கொடுத்தவனோடு குடிக்க மாட்டார்கள். அதனால் கிளாரி சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. லைசென்ஸ் டாக்டர் இருப்பது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. அவருக்கும் போன் பண்ணினாள். லீவில் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விமானத்துச் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தாள். விமானம் நிறுத்தும் ஹாங்கரில் ஆணியில் இன்னொரு சாவி தொங்குவது அவளுக்கே தெரியும். சாயங்காலம் எடுத்து, மாவைத் தட்டிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பெண்கள் கேக் மேஜை போட்டிருந்தார்கள். நெரிடா வழக்கம்போல ஏப்ரனோடு கல்லண்டை நின்றாள். டெஸ்ஸுக்கு அதுதான் முதல் சுற்று. சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவள் இஸ்திரி போட்டது. இரட்டையர்களைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து வாரைப் பூட்டினான். ஒருத்தி அழ ஆரம்பித்ததும், "அழுதா இறக்கையில உட்கார வெச்சுடுவேன்" என்று அவளைச் சிரிக்க வைத்தான். மார்னி இன்னும் கீழே நின்று தன் அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

நெரிடா கல்லை விட்டு நகர்ந்தாள். ஒரு கையில் சாஸ் பாட்டில், இன்னொரு கையில் இடுக்கி. புல்தரையைக் கடந்து நேராக விமானத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"டெஸ். கொஞ்சம் இறங்கி என் முன்னாடி நில்லு."

"என்னம்மா, சாசேஜ் தீஞ்சு போச்சா?"

பெஞ்சு சிரித்தது. அவன் இறங்கி வந்தான். அவள் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தாள்.

"என் மூக்கையே பாரு. திரும்பாம சொல்லு. என் கையில என்ன இருக்கு?"

டெஸ் அவள் மூக்கைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கண்ணை உருட்டினான். கூட்டம் சிரித்தது. "அப்படிப் போடு ரேடார்!" என்று கிளாரி கத்தினான்.

"இடுக்கி" என்றான் டெஸ்.

"இன்னொரு கையில?"

"இன்னொரு கையில ஒண்ணுமில்லை. அதை இடுப்புல வெச்சிருக்கே, என்னைத் திட்டறதுக்கு."

கூட்டம் மறுபடி சிரித்தது. அவள் கை இடுப்பில் இல்லை. தோள் உயரத்தில் நீட்டியிருந்தாள். சிவப்பு பாட்டில், முழுசாக ஒரு லிட்டர், வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. பின்னாலிருந்தவர்கள் கொஞ்சம் நேரம் சிரித்துவிட்டு, ஏன் நின்றது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் நெரிடா. பாட்டிலை ஆட்டினாள். உள்ளே சாஸ் குலுங்கியது.

"இடுக்கிதான்..." அவளுடைய முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். அப்புறம் கழுத்தைத் திருப்பினான். பாட்டிலைப் பார்த்தான். அதைப் பார்த்தபடியே நின்றான்.

மார்னி விமானத்தில் ஏறி இரண்டு வாரையும் அவிழ்த்து, பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கீழே இறக்கினாள். எங்களுக்குச் சுற்றிக் காட்ட மாட்டாயா என்று ஒரு குழந்தை டெஸ்ஸின் கால்சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டது.

டெஸ் ஹாங்கரைப் பார்த்து நடந்தான். போகிற வழியில் இறக்கையின் நுனி அவன் இடது தோளில் இடித்தது.

மூளையின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு. ஜூலை மாதமே வந்திருக்க வேண்டும் என்றார்கள் நகரத்து ஆஸ்பத்திரியில். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. இடது பக்கத்து உலகத்தை மூளைதான் கைவிட்டுவிட்டது. காலியான இடத்தில் பழைய ஞாபகத்தை எடுத்து அதுவே நிரப்பிக்கொள்ளுமாம். முப்பது வருஷம் அறுபத்தைந்தைப் பார்த்தவனுக்கு அது அறுபத்தைந்தைக் காட்டிக்கொண்டிருந்தது. விமான லைசென்ஸ் போயிற்று, கார் லைசென்ஸும் போயிற்று. விமானத்தை டப்போ நகரத்திலிருந்து ஒருவன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். அதைப் பார்க்க டெஸ் வரவில்லை.

அவன் வீட்டில் நெரிடாவோடு பேசுவதை நிறுத்தினான். நாயிடம் பேசினான். "டஸ்டர், டீ ஆறிப்போச்சுன்னு சொல்லு." "டஸ்டர், இன்னைக்கு மழை வரும்னு தெரிஞ்சும் துணியைக் காயப்போட்டிருக்காங்க பாரு." நெரிடாவும் நாய் மூலமாகவே பதில் சொன்னாள். நாய் செத்துப்போனதும் அதுவும் நின்றது. ஒரே ஒரு தடவை நேராகப் பேசினான்.

"நாலு சுவத்துக்குள்ள சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்."

"சிரிச்சாங்க, நெரிடா. நான் பாட்டிலைப் பார்க்கலைன்னு இருநூறு பேர் சிரிச்சாங்க."

"ஆமாம்" என்றாள்.

மார்னி ஒரு தட்டு லாமிங்டன் கேக் செய்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது டெஸ். "எதுக்கு இது?" என்றான். அவள் தட்டை நீட்டினாள். "நீங்க விழவே இல்லையே" என்றான் டெஸ். தட்டை வாங்கிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினான். நடக்காத ஒன்றுக்கு யார் சாட்சி சொல்வது? அவன் நன்றாகவே இறக்கியிருப்பான் என்று பப்பில் பேசிக்கொண்டார்கள். ஆள் ஏறினால் எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி வைப்பான், அனுபவஸ்தன் என்றார்கள்.

நெரிடா அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிளப்புக்கு வந்தாள். ஏப்ரன் கட்டிக்கொண்டு கல்லண்டை நின்றாள். சைலோவுக்கு மேலே ஒரு விமானம் திரும்பியது. பெஞ்சில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளாரி மழையைப் பற்றிப் பேசினான். விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான், எண்ணைச் சொல்லாமல். மறுவாரமும் அப்படியேதான். எங்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரை உள்ளவன் இருந்தான், நெஞ்சில் கம்பி வைத்தவன் இருந்தான், இரண்டு வருஷமாகக் காது கேட்காததை மறைத்தவன் இருந்தான். அவள் தலையைப் பாதி நிமிர்த்தினால் போதும், யாருக்கு எது தெரிந்துவிடுமோ என்று இருந்தது. அவளைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை.

மூன்று ஞாயிறு வந்தாள். நான்காவது ஞாயிறு வரவில்லை. அன்றைக்கு முதல் விமானம் வந்ததும், "எழுபத்தாறு! வரி ஆபீஸ்காரன் துரத்தறான்!" என்று கிளாரி கத்தினான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். ஆட்டம் திரும்ப வந்துவிட்டது. சாசேஜ் சரியாக வேகவில்லை என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

மூன்று வருஷம் கழித்து டெஸ் இரண்டாவது ரத்தக்கட்டில் படுத்தான். நெரிடாதான் குளிப்பாட்டினாள், சவரம் செய்தாள், வாயில் ஊட்டினாள். ஜூலை கடைசியில், விடிகாலையில், தன் கட்டிலிலேயே செத்துப்போனான். அடக்கத்துக்கு பெஞ்சு முழுக்க வந்தது. கிளாரி சவப்பெட்டியைத் தூக்கினான், அழுதான், நெரிடாவின் பக்கத்தில் போய் நின்று தொப்பியைக் கையில் சுழற்றிவிட்டு வந்துவிட்டான். எல்லோரும் போன பிறகு சர்ச் சமையலறையில் கிண்ணங்களை அவள் கழுவினாள், நான் துடைத்தேன். ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னதுதான்.

சாவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு மத்தியானம், சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது டெஸ் கேட்டிருக்கிறான்:

"அந்த ஞாயிறு. நிஜமா ஐம்பத்திமூணா?"

"ஐம்பத்திமூணு."

"நான் அறுபத்தஞ்சுதான் பார்த்தேன்."

"தெரியும். நீ பொய் சொல்லலை."

இரண்டு கரண்டி சூப் உள்ளே போனது.

"வெள்ளிக்கிழமையே என்னைத் தனியா ஏற விட்டிருக்கலாம் நீ" என்றான். "எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி, உன் இஷ்டம்னு விட்டிருந்தா, நானே ஏறி விழுந்து போயிருப்பேன். யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

"யோசிச்சேன்."

"யோசிச்சியா?"

"வெள்ளிக்கிழமை பூரா யோசிச்சேன். சாவியைக் கையில வெச்சுக்கிட்டு யோசிச்சேன்."

டெஸ் அவளைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினான். திருப்புவதற்கு அவனுக்கு நேரமானது. "பின்னே ஏன் விடலை?"

"தனியா சாப்பிட எனக்குப் பிடிக்காது."

"சுயநலக்காரி" என்றான் டெஸ்.

"ஆமாம்னு சொன்னேன்" என்றாள் நெரிடா, கழுவின கிண்ணத்தை என்னிடம் நீட்டி. "மீதி சூப்பைக் குடிச்சான்."